போகிக்கு எரித்த ஒயர்

போகிக்குப் பழையதை எரிக்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்ததெல்லாமே பழசு. எரித்திருந்தால் மறுநாள் பொங்கலுக்குக் கட்டிக்கொள்ளத் துணி மிஞ்சியிருக்காது. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். எந்த வேலையும் செய்யாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு காலம் தள்ளியவை இரண்டுதான்: நானும், மின்சார ஒயர்களும். விறகு தாராளமாகக் கிடைத்திருந்தால் என் மனைவி என்னைத்தான் தேர்ந்தெடுத்திருப்பாள். கிடைக்கவில்லை. ஆகவே ஒயர்களைக் கழற்றத் தொடங்கினேன்.

மலாக்காவின் காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டில் முன்பு ஆபீசில் கணக்கெழுதிய வசதியான ஒரு கிராணி வாழ்ந்திருந்தார். கூடத்தில் மின்விளக்கு, அடுக்களையில் வேலையாளை அழைக்கும் மணி, கூரைமேல் ரேடியோவுக்கு இழுத்த கம்பி என்று எல்லாவற்றுக்கும் ஒயர் ஓடியது. சண்டையில் தெருக்கம்பம் சாய்ந்ததோடு கரண்டு போயிற்று. ரேடியோ கிராணியோடு போயிற்று. வேலையாள் என்று இருந்தது நான் ஒருவன்தான். என்னை அழைக்க மனைவிக்கு மணி தேவைப்படவில்லை. ஆனால் அந்தக் கூரைக் கம்பி மட்டும் பயமுறுத்திக்கொண்டே இருந்தது. ரகசியமாக ரேடியோ கேட்கிறார்கள் என்ற சந்தேகத்திலேயே ஆட்களைப் பிடித்துப்போன காலம் அது.

கட்டைச் செருப்பு மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். அது கரண்டு அடிக்காமல் இருக்க.

"கரண்டு நின்னு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்குங்க அந்தக் கட்டை?" என்றாள் மனைவி.

"ஆவியா வந்து அடிச்சா?"

"அடிச்சா நல்லதுதான். ஒரு வேலை ஒழுங்கா முடியும்."

கூரைக் கம்பி எளிதாக வந்தது. சுவர் ஒயர்கள்தான் சண்டித்தனம் செய்தன. சின்னத் தகரப் பட்டைகளால் பலகையோடு பலகையாக அடித்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் நெம்பும்போது பலகையும் கொஞ்சம் கூடவே வந்தது. பீங்கான் குமிழ் ஒன்று என் காலில் விழுந்தது. கட்டைச் செருப்பால் எந்தப் பயனும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டுக்காரர். மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட தமிழ் வம்சம். எங்களைப் போல அவர்களும் கும்பிடுவது முருகனைத்தான். வீட்டில் பேசுவது மலாய். போகியன்று அவர்கள் செய்வது பார்ச்சு: இறந்துபோன பெரியவர்களுக்கு அவரவர் விரும்பிய பண்டங்களை வாழையிலையில் பரப்பி, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேறி நிற்பார்கள். உள்ளே வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று.

அந்த வருஷம் அவருடைய அம்மாவுக்கு முதல் பார்ச்சு. கடைசி நாட்களில் அந்த அம்மாள் சோறு, சோறு என்று கேட்டே போனார். கொடுக்க யாரிடமும் அரிசி இல்லை. அம்மா போன பிறகுதான் இவர் பத்து பெரெண்டாம் கிராமத்துப் பக்கம் போய், வீட்டில் இருந்த ஒரே சைக்கிளைக் கொடுத்து ஒரு சின்னப் பை அரிசி வாங்கி வந்தார். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர் மனைவிக்குத் தெரியும். அப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னிடம் ஏன் சொன்னாரோ, பாவம்.

"தம்பி," என்றார் மலாயில், "இன்னைக்கு மத்தியானம் என் அம்மா சாப்பிட வராங்க. தெரு சத்தமில்லாம இருக்கணும். உன் வாயையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"அபாங், வாயையும் போகியில போட்டுடறேன்."

அண்ணனை மலாயில் அபாங் என்பார்கள்; அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். சிரித்துக்கொண்டே போனார்.

ஒயரை வெட்டிக் குப்பையில் போட்டிருக்கலாம். உள்ளே செம்பு இருந்தது. மரவள்ளித் தோட்டத்து வேலியைக் கட்ட உதவும் என்று மனைவி சொன்னாள். கத்தியால் ரப்பரைச் சீவி எடுக்கச் சொன்னாள். சீவ எனக்குச் சோம்பல். போகி வேறு. கொல்லையில் ஒயரையெல்லாம் குவித்து நெருப்பு வைத்தேன்.

ரப்பர் எரிந்து யாரும் பார்த்ததில்லையா, நான்தான் பார்த்ததில்லையா, தெரியாது. கறுகறுவென்று புகை தென்னைக்கு மேலே எழும்பி நின்றது. ஊர்க்கோடியில் இருந்த புக்கிட் பாருவிலிருந்து பார்த்தால்கூடத் தெரிந்திருக்கும். தண்ணீர் ஊற்றினேன், இன்னும் கறுத்தது. வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி கிணற்றடிக்கு ஓடும்போது வாசலில் பூட்ஸ் சத்தம்.

ஜப்பான் சிப்பாய்கள் இருவர், மொழிபெயர்க்க ஓர் உள்ளூர்க்காரன். இடுப்பை வளைத்து வணங்கினேன். வணங்கிய கோணம் பிடிக்காமல் ஒருவன் அறைந்தான்; மறுபடி வணங்கினேன். ரேடியோ எங்கே என்றார்கள். வீட்டுக்குள் போய்ச் சுவர்களைக் காட்டினேன். நான் கழற்றியிருந்த அழகைப் பார்த்ததும் இந்த ஆளால் ரேடியோவெல்லாம் முடியாது என்று அவர்களுக்கே புரிந்திருக்க வேண்டும். திரும்பினார்கள்.

அதோடு முடிந்திருக்கும். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு குடும்பமே பேசாமல் நின்றது. பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தது.

"இவனுங்க ஏன் வெளியே நிக்கிறானுங்க?" என்று மொழிபெயர்ப்பாளன் என்னைக் கேட்டான்.

செத்தவர்களுக்குப் பூசை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அறை வாங்கிய பயம். பேசிக்கொண்டே இருந்தால் அடுத்த அறை விழாது என்று நினைத்தேன் போல. "ஒண்ணுமில்லைங்க, செத்துப்போன அம்மாவுக்குச் சோறு வச்சிருக்காரு."

"சோறா?" என்றான் அவன்.

அந்த நாளில் அது எப்பேர்ப்பட்ட சொல் என்று வாயைவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது.

கதவைத் திறந்தார்கள். தரையில் இலைகள், சாம்பிராணிப் புகை, விளக்கு. நடு இலையில் வெள்ளைச் சோறு. சிப்பாய் ஒருவன் விளக்கைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தான். குனிந்து முடித்ததும் அடுக்களைக்குப் போய்ப் பானையைத் தூக்கி வந்தான். மொழிபெயர்ப்பாளன் அரிசிப் பையைத் தேடி எடுத்தான். பிறகு இலையில் இருந்ததையும் பானைக்குள் வழித்துப் போட்டான். அபாங் எதிலும் குறுக்கே போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மரவள்ளிக் கிழங்கை எடுத்து அரிசிமணி அளவுக்கு நறுக்கத் தொடங்கினாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை வலிக்க வலிக்க நறுக்கினேன். ரப்பரைச் சீவ வராத கை.

வேகவைத்து, மூடி, வேலி தாண்டி எடுத்துப் போனேன். அபாங் மூடியைத் திறந்து பார்த்தார். தூரத்திலிருந்து பார்த்தால் சோறு மாதிரிதான் இருந்தது.

"என் அம்மாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், தம்பி," என்றார்.

"அபாங், நான்..."

"வை. இலையில நீயே வை."

வைத்தேன். இலைக்கு வெளியேயும் கொஞ்சம் சிந்தியது. கதவைச் சாத்தினார்கள். அவர்களோடு நானும் வெளியே நின்றேன். தெருவில் சத்தமில்லை. என் வாயிலும் இல்லை.

கதவு திறந்ததும் எல்லோரும் உட்கார்ந்தோம். அம்மாவின் இலையிலிருந்து எடுத்து முதலில் எனக்குத்தான் வைத்தார்.

"அம்மா வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"வந்தாங்க. திட்டிட்டுப் போனாங்க."

"என்னையா?"

"அவனுங்களைக் கதவைத் திறக்க விட்டுட்டேன்னு என்னை." என் இலையைப் பார்த்தார். "சாப்பிடு."

ஒரு மணி விடாமல் அள்ளி உள்ளே இறக்கினேன். இலை காலியானதும் அவர் இன்னொரு கைப்பிடி வைத்தார்.