முயல் வேகத்தில் அக்கா

என் அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. செம்பாக்கத்தில் எங்கள் தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் யார் வீட்டு வாசல்படியிலாவது உட்கார்ந்துவிடுவாள். ஆனாலும் என் மகன் தீம் பார்க் போகலாம் என்றதும், முதலில் சரி சொன்னவள் அவள்தான்.

"அங்க நாள் முழுக்க நடக்கணும் பெரிம்மா. வீல்சேர் எடுத்துக்கலாமா?" என்றான்.

"என்னை பேஷன்ட் மாதிரி தள்ளிட்டுப் போகப் போறியா? அப்ப நான் வரல."

தாம்பரத்தில் வாக்கர், கட்டில் எல்லாம் வாடகைக்கு விடும் கடை ஒன்றில், உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி ஸ்கூட்டர் இருந்தது. சிவப்பு நிறம், முன்னால் ஒரு கூடை. அக்கா சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அத்தான் இருந்தவரை அவருடைய வண்டியில் பின்சீட். அவருக்குப் பிறகு ஆட்டோ.

"பயப்படாதக்கா," என்றார் கடைக்காரர். "லீவர அமுக்குனா போவும், உட்டா நின்னுடும். இந்தத் திருகுல ஆமை படம் கீது பாரு, அதுலயே வெச்சுக்கோ. முயல் பக்கம் போவாத."

பார்க்கில் முதல் அரை மணி நேரம் ஆமைதான். நானும் மகனும் இருபக்கமும் காவலுக்கு நடந்தோம். பிறகு நாங்கள் இருவரும் தண்ணீர் பாட்டில் வாங்கத் திரும்பிய நேரத்தில் ஸ்கூட்டரைக் காணவில்லை. தூரத்தில் அக்காவின் புடவை முந்தானை பறந்துகொண்டிருந்தது.

"அக்கா! நில்லுக்கா!"

குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ள நின்றிருந்த கரடி வேஷக்காரர் திரும்பிப் பார்த்தார். ஸ்கூட்டர் தன்னை நோக்கியே வருவதைக் கண்டதும் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரே தாவல். "யம்மா! இன்னாமா இப்டி வர்ற!" என்று கரடிக்குள்ளிருந்து குரல் வந்தது. அக்கா லீவரை விட்டாள். வண்டி சாதுவாக நின்றது.

"ஸாரிப்பா. நீ பொம்மைன்னு நெனச்சேன்," என்றாள்.

நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை உருவாகியிருந்தது. ஏதோ புது ரைடு என்று நினைத்துவிட்டார்கள். "ஆன்ட்டி, ஒரு ரவுண்டுக்கு எவ்ளோ நேரம்?" என்று கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"நான் இறங்க மாட்டேம்மா. நீ ராட்டினத்துல போ," என்றாள் அக்கா.

சொன்னபடியே மாலை வரை அவள் இறங்கவில்லை. ராட்டினம், படகு எதிலும் ஏறவும் இல்லை. நானும் மகனும் தலைகீழாகத் தொங்கிவிட்டு முகம் வெளிறி வந்தபோது, எங்கள் பைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் வண்டி இல்லை. தேடிக்கொண்டு எங்கள் தெருவுக்குப் பக்கத்து ஏரிக்கரைக்கு ஓடினேன். நடைப்பயிற்சிக்காரர்களை ஹாரன் அடித்து ஒதுக்கியபடி எதிரே வந்துகொண்டிருந்தாள்.

"இந்த ஏரிக்கு அந்தப் பக்கம் இவ்ளோ கொக்கு இருக்குன்னு ஏன்டீ எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள்.

கடைக்காரருக்குப் போன் செய்து, வண்டி இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்றேன்.