பேஸ் கிட்டார் நடக்கப் பழகிய விதம்

1. முடிகிற இடத்தில் கசப்பு

"நிப்பாட்டு, நிப்பாட்டு! ஏலே, அடியில யாரு கசப்பா வாசிக்கிறது?"

தேனியில் ஒரு பருத்தி கோடவுன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் ஒத்திகை. கத்தியவர் தங்கராசு அண்ணன், குழுவின் லீடர், அக்கார்டியன் வாசிப்பவர். அடியில் வாசிக்கிறவன் என்றால் குழுவில் நான் ஒருவன்தான். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

இது எழுபதுகளின் நடுவில் நடந்தது. வார நாட்களில் நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிறவன். கம்பம் பள்ளத்தாக்கில் யார் கிணற்று மோட்டார் புகைந்தாலும் எங்கள் பட்டறைக்கு வரும். ஞாயிறு ஆனால் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் கனத்த கீழ்ச்சுரம் வாசிக்கிற கிட்டார். அந்தக் கிட்டார் என்னுடையது அல்ல, குழுவின் சொத்து. அதனால் குழுவில் என் இடம் போனால் கிட்டாரும் கையை விட்டுப் போகும்.

அன்று எடுத்தது ஒரு சினிமா கிளப் டான்ஸ் பாட்டு. அந்த மாதிரிப் பாட்டில் பேஸ் ஒரு சுரத்தில் குந்திக்கொண்டிருக்கக் கூடாது. தட்டுக்கு ஒரு சுரமாக, நாலு நாலு தட்டாக, ஆள் நடப்பதுபோல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 'வாக்கிங் பேஸ்' என்பார்கள். நான் எப்படி நடந்தேன் என்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஹார்மோனியத்தில் சரளி வரிசை படித்த கை இது. பாட்டு சங்கராபரணத்தில் நடக்கிறது. சரிதான் என்று ஸரிகம, பதநிஸ என்று ஏறினேன். ஸநிதப, மகரிஸ என்று இறங்கினேன். பதினாறு தட்டுக்குப் பதினாறு சுரம், கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

"அண்ணே, ராகத்துல இல்லாத சுரம் ஒண்ணுகூட நான் தொடலையே?"

"ராகம் சரிதாம்லே. நான் இல்லைங்கலையே. ஆனா பாட்டு முடியுற எடத்துல வாயில வேப்பங்கொழுந்த வச்ச மாதிரி இருக்கு."

"ஏன்ணே அப்படி?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் கத்துறேன்?"

அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்ட மாட்டார். ஆனால் ஆள் கறார். சட்டைப் பையிலிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்துக் காட்டினார். உள்ளே எழுதி முடித்திருந்தார், விலாசம் மட்டும் போடவில்லை.

"போடியில ஏலக்காய் வியாபாரி வீட்டு ரிசப்ஷன் இருக்கு. இந்தப் பாட்டு கட்டாயம் வேணும்னு சொல்லிட்டாக. மூணு வாரம் இருக்கு. சரியாகலைன்னா மதுரையிலேருந்து பேஸுக்கு ஆள் வர்றாரு. நீ வருத்தப்படக் கூடாது."

வருத்தப்படாமல் என்ன செய்வது? சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது கண் கலங்கிவிட்டது. ஆனால் அழுகைக்கு அடியில் ஒரு அரிப்பும் இருந்தது. எல்லாச் சுரமும் சரி. பிறகு எப்படித் தப்பாகும்?

2. ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டது

பாட்டின் ரெக்கார்டில் பேஸ் என்ன வாசிக்கிறது என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். எங்கே கேட்பது? ரேடியோப் பெட்டியில் பேஸ் விழாது. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் சுத்தமாக விழாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில்தான் ரெக்கார்டு பிளேயரும் பெரிய மர ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தன. போய் உட்கார்ந்தேன். சாப்பாட்டுத் தட்டுச் சத்தத்திலும் ஆள் சத்தத்திலும் அங்கேயும் ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போதுதான் பட்டறைப் புத்தி வேலை செய்தது. மோட்டாரில் பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்க ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். வெளிச்சத்தம் எல்லாம் அடங்கி உள்சத்தம் மட்டும் காதுக்கு வரும். மறுநாள் ஸ்க்ரூடிரைவரோடு போய்ப் பெட்டியின் முதுகில் ஊன்றினேன். ஆத்தாடி! பேஸ் துல்லியமாக, காதுக்குள் நடந்துபோனது.

ஓட்டல்காரர் கல்லாவிலிருந்து பார்த்தார். "என்னப்பா, பெட்டிக்குக் காய்ச்சலா? டாக்டர் கணக்கா வச்சுப் பாக்குற?"

"பேஸ் கேக்குறேண்ணே."

"இங்கன ஆளுக சாப்பிடுறாக. நீ ஒரு டீய சொல்லிப்பிட்டுக் கேளு."

நாலு நாள், எத்தனை டீ என்று கணக்கில்லை. அந்த ஒரு ரெக்கார்டையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னதில் சப்ளையருக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை. ஆனால் பேஸ் முழுவதையும் சுரம் சுரமாக எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் குழப்பம் இரண்டு மடங்கு ஆனது. ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, ஏதோ தாவித் தாவிப் போகிறது. அதைவிட அநியாயம், ஓரிடத்தில் நாலாவது தட்டில் பிரதி மத்திமம், அதாவது வழக்கமான ம-வுக்கு அரைப்படி மேலே இருக்கும் இன்னொரு ம. சங்கராபரணத்துக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கேட்டால் தேனாக இருக்கிறது.

என் சரியான சுரம் கசக்கிறது. ரெக்கார்டில் வாசித்தவனுடைய தப்பான சுரம் இனிக்கிறது. இது என்ன நியாயம்?

3. பாட்டாக இல்லாத பாட்டு

விடை ஒரு கிணற்று மோட்டாரோடு வந்தது. போடி கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருந்த ஜெயமணி அண்ணாச்சி தன் தோட்டத்து மோட்டாரைக் கட்டக் கொண்டுவந்தார். என்னைவிட இரண்டொரு வயதுதான் கூட இருக்கும். நான் காயில் சுற்ற, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எதையோ முனகிக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஒரே சுரம், திடீரென்று கீழே ஒரு குதி, மறுபடி ஒரே சுரம்.

"கோவிச்சுக்காதீக அண்ணாச்சி. இது என்ன பாட்டு? தலையும் இல்ல, வாலும் இல்ல."

அவர் சிரித்துவிட்டார். "தம்பி, எங்க சபைக் கோயில்ல நாலு குரலாப் பாடுவோம். நான் கீழ்க்குரல், பேஸு. மத்த மூணு குரலும் சேந்தாத்தான் இது பாட்டு. எம் பொஞ்சாதியே நான் பாடுனா எந்திரிச்சுப் போயிருவா."

பேஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் காயில் சுற்றிய கை நின்றுவிட்டது. எத்தனை சுற்று என்ற எண்ணிக்கை போய், முதலிலிருந்து சுற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே போடிக்குப் பஸ் ஏறினேன்.

கொயர் என்ற அவர்கள் பாடகர் குழுவின் ஒத்திகையில் பத்துப் பன்னிரண்டு பேர். தயங்கித் தயங்கி ஒரு உதவி கேட்டேன். மற்ற மூன்று குரலும் ஸ, க, ப என்று ஆளுக்கு ஒன்றாக மூச்சுப் பிடித்து நிற்க வேண்டும். அடியில் நான் ஒவ்வொரு சுரமாகப் பாடிப் பார்ப்பேன். அவர்களுக்கு டோ, மீ, சோ என்றால்தான் தெரியும். பெயர்தானே வேறு! சிரிப்பை அடக்கிக்கொண்டு பிடித்தார்கள்.

நான் ஸ பாடினேன். தரையில் கால் ஊன்றியது போல் இருந்தது. க சேர்ந்தது, ப சேர்ந்தது. ரி சும்மா கடந்துபோனது. ம என்று இழுத்து நிறுத்தினேன். சோற்றில் கல் கடித்த மாதிரி அத்தனை முகமும் சுளித்தது.

"ஐயையோ, அதுல நிக்காதீக!" என்று ஒரு அக்கா கையை வீசினார்.

அதே கசப்பு! தங்கராசு அண்ணன் சொன்ன வேப்பங்கொழுந்து! எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. பாட்டின் கடைசி நாலு தட்டில் அக்கார்டியன் ஸ-க-ப மூன்றையும் ஒன்றாக அழுத்தி, கார்ட் என்பார்களே, அதைப் பிடித்து நிற்கிறது. நான் அவரோகணத்தில் இறங்கி, சரியாக ஒன்றாம் தட்டில் ம மேல் வந்து நிற்கிறேன். அது ராகத்துக்குச் சொந்தக்காரச் சுரம்தான். ஆனால் அந்த நேரம் அந்த வீட்டில் இருப்பவர்கள் வேறு.

"அப்ப பிரதி மத்திமம் எப்படி அண்ணாச்சி இனிக்குது?" என்று அந்த இடத்தைப் பாடிக் காட்டிக் கேட்டேன்.

"அதுல யாரு நிக்கா? அடுத்த வார்த்தைக்கு மாறுற நேரம் பக்கத்துச் சுரத்த லேசாத் தொட்டுட்டு உள்ள போயிருவோம். அம்புட்டுத்தான்."

எழுதி வைத்த தாளை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பிரதி மத்திமத்துக்கு அடுத்த தட்டு ப. கார்டும் அங்கேதான் ப-வுக்கு மாறுகிறது. நாலு நாளாகப் புரியாதது நாலு நிமிடத்தில் புரிந்தது.

அதன் பிறகு இரண்டு வாரம் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே வேலை. ஒன்றாம் தட்டில் கார்டின் சுரம். நடுவில் இரண்டு தட்டு அதே வீட்டுக்குள் உலாத்தல். நாலாம் தட்டில் அடுத்த வீட்டு வாசல். முதலில் கார்டின் பெயரை வாயால் சொல்லிவிட்டுத்தான் விரலை வைப்பேன். சொல்ல வராத இடத்தில் விரலும் தடுமாறியது.

4. ரிசப்ஷன்

ரிசப்ஷனுக்கு முந்தைய ஒத்திகையில் தங்கராசு அண்ணன் பாட்டை நிறுத்தவில்லை. ஒரு வார்த்தை பாராட்டவும் இல்லை. இன்லேண்ட் லெட்டர் மட்டும் பையில் அப்படியே இருந்தது. ரிசப்ஷன் அன்றும் மேடை ஏறும்போது அது அவர் பையில் எட்டிப் பார்த்தது.

கிளப் பாட்டு அமர்க்களமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் சரணம் நடுவில் என் ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் போய்விட்டது. பேஸ் ஊமை. மற்ற எல்லாம் ஒலிக்கிறது, பாட்டும் நிற்கவில்லை. ஆனால் தாளம் அடிக்கிறவர் திரும்பிப் பார்த்தார், பாடுகிறவர் தடுமாறினார். தங்கராசு அண்ணன் அக்கார்டியனை வாசித்தபடியே என் பக்கம் திரும்பி, சபை என்றும் பார்க்காமல் கத்தினார்.

"ஏலே, பேஸ் எங்கடா போச்சு? கொண்டாடா!"

மூன்று வாரத்துக்கு முன்னால் நிப்பாட்டு என்று கத்திய அதே வாய். என் சட்டைப் பையில் எப்போதும் காயில் கம்பித் துண்டு கிடக்கும். முறையான வேலை இல்லைதான், பழகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, ஃபியூஸில் ஒரு இழையைச் சுற்றி மறுபடி செருகினேன். கார்ட் எங்கே இருக்கிறது என்று காது கொடுத்தேன். ப-வில் இருந்தது. நாலாம் தட்டில் நியைத் தொட்டேன். ஸ கார்டின் ஒன்றாம் தட்டில் எல்லோரோடும் சேர்ந்து இறங்கினேன். அந்த ஒரு சுரத்தில் மேடையே பெருமூச்சு விட்டது.

இப்போது பையன்களும் பிள்ளைகளும் வந்து, எத்தனை ஸ்கேல் தெரிய வேண்டும் என்று கேட்கிறார்கள். தெரிந்தவரை நல்லதுதான். ஆனால் வாசிப்பதற்கு முன்னால் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். நான் பதினாறு சுரம் சரியாக வாசித்தபோது ஒருத்தரையும் கேட்கவில்லை.

கச்சேரி முடிந்து பெட்டி கட்டும்போது தங்கராசு அண்ணன் அந்த இன்லேண்ட் லெட்டரை எடுத்தார். விலாசம் எழுதும் இடத்தில் பேனாவால் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். சின்னமனூர் கச்சேரிக்கான பாட்டுகள், மொத்தம் பன்னிரண்டு.

"எல்லாத்துக்கும் கார்ட் பாத்து வையி" என்றார்.