ஏழு மேஜைத் தண்ணீர்

அன்றைக்குச் செம்பூர் மைதானத்தில் எனக்காக வந்திருந்தவர்கள் நான்கு பேர். என் வீட்டுக்காரர். எங்கள் தோல் பட்டறை முதலாளி. தாராவியில் எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தோலுக்குப் பசை போடுகிற அக்கா. மாட்டுங்காவிலிருந்து வந்த மேடம். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் ஓடினார், ஆகவே அவரைப் பாதி ஆள் என்றுதான் கணக்கில் சேர்க்க வேண்டும். என் மகள் வரவில்லை. அவளுக்குப் பரீட்சை, தவிர, குழாயில் தண்ணீர் பிடிக்க வீட்டில் ஒருவர் வேண்டும். இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் இருக்கிறது. பிறகு எங்கள் சந்தில் பதினைந்து பேராவது தாங்களும் நேரில் நின்று பார்த்ததாகச் சொல்லிவிட்டார்கள். பார்த்தது இந்த நான்கு பேர்தான்.

அரை மாரத்தான், இருபத்தொரு கிலோமீட்டர். இரண்டே கால் மணி நேரத்துக்குள் நான் முடித்தால், ஷூவுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் பாய் கொடுத்த நாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய் அவருடைய பரிசு. ஒரு நிமிடம் கூடினாலும் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். இதுதான் பேச்சு. அதற்குப் பசை அக்கா சாட்சி.

ஓட்டம் எனக்கு ஆசைப்பட்டு வந்ததில்லை, பயந்து வந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிஷின் முன் உட்கார்ந்து நூல் கோத்ததும், வீட்டில் கேஸை மூடினோமா என்று தோன்றும். தோன்றிவிட்டால் தையல் கோணும். கோணினால் பாய் சத்தம் போடுவார். அதனால் எழுந்து ஓடுவேன். நான்கு சந்து, ஒரு பெரிய ரோடு தாண்டினால் வீடு. கேஸ் ஒரு நாளும் திறந்திருந்ததில்லை. அதே வேகத்தில் திரும்பி வருவேன். சில நாள் பூட்டின் மேல் சந்தேகம் வந்து இன்னொரு நடை.

"ஏளா, உனக்குன்னு தனியா ஒரு பஸ்சு விடச் சொல்லணும்," என்பார் அக்கா.

மாட்டுங்கா மேடத்தின் தோல் பை கைப்பிடி அறுந்து, பட்டறைக்குத் தைக்க வந்தது. தைத்ததைக் கொடுக்க நான் போன காலையில் அவர் பூங்காவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். பையைக் கொடுத்துக் காசை வாங்கினேன். அந்த நிமிடம் பார்த்துப் பூட்டின் நினைப்பு வந்தது. ஓட ஆரம்பித்துவிட்டேன். அவர் பின்னாலேயே வந்து தெருமுனையில் பிடித்தார்.

"மூச்சே வாங்கலையே உங்களுக்கு! எங்கே கத்துண்டேள்?"

"கத்துக்கல்லாம் இல்ல மேடம். வீட்டுப் பூட்டப் பாக்கப் போறேன்."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு போனேன், அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அவரோடு ஓடுகிற நேரத்தில் கேஸும் பூட்டும் நினைவுக்கு வரவில்லை என்பதை மூன்றாவது வாரம்தான் கவனித்தேன். அது எனக்குப் பெரிய விஷயம். படுத்தால்கூடப் போகாத நினைப்பு அது.

பாய் கேள்விப்பட்டு, பட்டறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"அந்தம்மா போன வருசம் எவ்வளவு நேரத்துல முடிச்சாங்க?"

"ரெண்டே கால் மணி நேரம் பாய்."

"அறுவது வயசு. ஏசியில ஒக்காந்து நோட்டு எண்ணுன ஆளு. நீ ஒழைக்கிற ஒடம்பு. அதுக்குள்ள முடிச்சுக் காட்டு, காசு என்னோடது. முடிக்கலேன்னா ஒன்னோடது. என்ன?"

"சரி" என்று சொல்லிவிட்டேன்.

கணக்கு எனக்கு என் வழியில்தான் வரும். ஒரு பர்ஸுக்கு உள்பையும் சுற்றுத் தையலும் போட ஆறரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஒரு பர்ஸ், ஒரு கிலோமீட்டர். இருபத்தொரு பர்ஸ் தைத்தால் இரண்டே கால் மணி. மூன்று மாதம் அப்படியே ஓடினேன். விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும். டிரம்மையும் குடங்களையும் நிரப்பி மூடிவிட்டு, ஆண்டாப் ஹில் பக்கம் ஓடிவிட்டு வேலைக்கு வருவேன். வழியில் தண்ணீர் குடித்ததில்லை. வீட்டுக்கு வந்துதான் ஒரு சொம்பு. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவளுக்கு அது மட்டும் தோன்றவில்லை.

மற்றதற்கெல்லாம் பயந்து தயாராக இருந்தேன். நம்பர் துணி விழுந்துவிடுமோ என்று நான்கு ஊக்குக்குப் பதில் எட்டு ஊக்கு. வழி தவறினால் திரும்பி வர, இடது ஷூவுக்குள் நூறு ரூபாய் நோட்டு. கிளம்பும் இடத்துக்குப் போகுமுன் மூன்று தடவை கக்கூஸ். பாய் தன் போனில் தனியாக நேரம் வைத்துக்கொண்டார். "இவனுவ மிஷின நான் நம்ப மாட்டேன்," என்றார்.

முதல் மூன்று கிலோமீட்டரும் மூன்று பர்ஸ் தைத்தது போலச் சுத்தமாகப் போயின. பிறகு முதல் தண்ணீர் மேஜை வந்தது.

சின்னச் சின்ன பாட்டில்கள், சீல் பிரிக்காதவை. எனக்கு முன்னால் ஓடியவர் ஒன்றை வாங்கித் திருகி, இரண்டு வாய் குடித்து, மீதியை ரோட்டில் எறிந்தார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே செய்தார். ரோடு முழுக்கப் பாட்டில்கள் உருண்டன. முக்கால் பாட்டில், அரை பாட்டில். தண்ணீர் தார் மேல் ஓடி, எங்கள் ஷூவுக்கடியில் சளசளவென்று கேட்டது. என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். நான் இரண்டு வாய் குடித்தேன். கை எறியவில்லை. நின்று, முழுவதையும் குடித்து, மூடியைத் திருகி, தொட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவது மேஜையிலும் அதேதான். வெயில் வரவில்லை என்றாலும் காற்றில் கசகசப்பு. தண்ணீர் வாங்காமல் போகவும் பயம். முந்தின வாரம்தான் யாரோ ஓடும்போது மயங்கி விழுந்த கதையை மேடம் சொல்லியிருந்தார். மூன்றாவது மேஜையில் பாதி பாட்டில் கிடைக்குமா என்று கேட்டேன். தண்ணீர் கொடுத்த கல்லூரிப் பெண்ணுக்குப் புரியவில்லை.

"பூரா லே லோ ஆண்ட்டி, பாக்கி ஃபேக் தோ!" முழுதாக வாங்கிக்கொண்டு மீதியை எறியச் சொல்கிறாள்.

"ஃபேக்னே கா நஹி," என்றேன். எறிகிற பொருள் இல்லை இது.

அந்நேரம் மேடம் என்னைத் தாண்டிப் போனார். "ஐயோ, நின்னுண்டா குடிப்பா? தூக்கிப் போடுங்கோ! டைம் போறது!"

"போட்டும் மேடம்!"

அவர் கையில் இருந்ததையும் எறிந்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை.

பதினைந்தாவது கிலோமீட்டரில் வயிறு குடம் போலக் குலுங்கியது. குடிக்க முடியவில்லை. வாங்கினதைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். கடைசி மேஜையில், வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் இன்னொருவர் இன்னொரு கையில் திணித்துவிட்டார். இரண்டு கையிலும் பாட்டிலோடு ஓடினேன். தோள் வலித்தது. ஓரமாக வைத்துவிடு என்று கால் சொன்னது. வைத்தால் யாராவது உதைத்துவிட்டுப் போவார்கள் என்று கை சொன்னது. நாற்பது வருஷமாகக் கை சொன்னதைக் கேட்டே பிழைத்தவள் நான்.

இரண்டு மணி பத்தொன்பது நிமிடம் நாற்பது வினாடி. அவர்கள் மிஷினும் அதைத்தான் சொன்னது, பாயின் போனும் அதைத்தான் சொன்னது.

பசை அக்கா என் இரண்டு கையையும் பார்த்தார். "ஏளா, நீ ஓடப் போனியா, தண்ணி பிடிக்கப் போனியா?"

என் வீட்டுக்காரர் ஒரு பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, "ஜில்லுன்னு இருக்கு," என்றார். மேடம்தான் கணக்குப் போட்டார். ஏழு மேஜை, மேஜைக்கு நாற்பது வினாடி நின்றதாக வைத்தால் நாலு நிமிடம் நாற்பது வினாடி. "எறிஞ்சிருந்தா சரியா ரெண்டே கால்ல முடிச்சிருப்பேளே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

இருக்கலாம். வயிறு கனத்ததற்கும் சேர்த்தால் இன்னும் சீக்கிரமே முடித்திருக்கலாம்.

பாய் கதையை முழுக்கக் கேட்டார். முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் இளகிவிட்டது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"சரி தாயி, விடு. காசு வேண்டாம். போதும் இந்த ஓட்டம். ஞாயித்துக்கெழம ஆர்டர் நெறைய கெடக்கு, வந்து மிஷின்ல ஒக்காரு. என்ன?"

வீட்டுக்காரர் என் முழங்கையைக் கிள்ளினார். "ஏட்டி, சரின்னு சொல்லு. அவரே விட்டுட்டாரு."

எனக்கு முதலாளியை எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை. வேலை போய்விட்டால் என்ன செய்வது, மகள் ஃபீஸ், வீட்டு வாடகை எல்லாம் வரிசையாக மனதில் ஓடின. ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் பேசினேன்.

"வேண்டாம் பாய். பேச்சு பேச்சுதான். நாலாயிரத்து அறுநூத்தம்பது, வாரம் முந்நூறு புடிச்சுக்கோங்க. ஞாயித்துக்கெழம நான் வர மாட்டேன்."

"கோவிச்சுக்கிட்டியா?"

"கோவமில்ல. காசு குடுத்தா ஷூ என்னோடது. குடுக்கலேன்னா நீங்க சொல்லுததக் கேக்கணும்."

அக்கா இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். பாய் "படிச்சிருந்தா வக்கீலாயிருப்ப," என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடிக்கப் போனார். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் முந்நூறைக் கழித்துவிட்டுத்தான் கவரைக் கொடுக்கிறார்.

அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை கட்டணம் என் காசு. மேடம் தண்ணீரை எறியப் பழகிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார். பழக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கழிவுத் தோலில் இடுப்புக்கு ஒரு பட்டை தைத்திருக்கிறேன். பாதி குடித்த பாட்டிலைச் செருகினால் ஆடாது, கையும் சும்மா இருக்கும். அப்படியும் இரண்டே காலுக்குள் முடியவில்லை என்றால் முடியவில்லை. தைத்த பட்டையைப் பார்த்துப் பாய், "எவ்வளவுக்கு விக்கலாம்?" என்று கேட்டார். இது விற்பனைக்கு இல்லை என்றேன்.

போன சனிக்கிழமையோடு பதினோரு வாரம் பிடித்தாகிவிட்டது. நான் பாய்க்குத் தர வேண்டியது இன்னும் ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.