மாமனார் காரில் புது செட்

கார் ஷெட்டிலிருந்து 'டர்க்' என்று ஒரு சத்தம் வந்தது. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

செட்டுக்காரனைக் கட்டிக்கொண்டு ஏழெட்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்தச் சத்தங்கள் அத்துப்படி. 'டக்' என்றால் டேஷ்போர்டின் கிளிப் ஒழுங்காகக் கழன்றது என்று அர்த்தம். 'டர்க்' என்றால் உடைந்தது. வேறு யாருடைய கார் என்றாலும் அவள் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டிருப்பாள். இன்று ஷெட்டில் நிற்பது அவளுடைய அப்பாவின் கார். அப்பாவோ பக்கத்து அறையில், குடித்து முடித்த டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார்.

சட்டென்று மிக்ஸியைப் போட்டாள்.

"என்னம்மா சத்தம்?" என்றார் அப்பா.

"மிக்ஸிப்பா."

"அது இப்பத்தானே போட்டே. அதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சே."

"ஜார் மாட்டினேன்ல, அதுவா இருக்கும்."

பக்கத்தில் நின்றிருந்த அம்மா மிக்ஸிக்குள் எட்டிப் பார்த்தாள். ஜாரில் ஒன்றுமில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள். "நல்லா அரையட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்ச வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

செட்டுக்காரன் என்பது தொழிலால் வந்த பெயர். கம்பெனியிலிருந்து வரும்போதே காரில் இருக்கும் பாட்டு செட்டைக் கழற்றிவிட்டு, திரை வைத்த புது செட்டை மாட்டிக் கொடுப்பான். வீட்டை ஒட்டிய ஷெட்தான் கடை. சுவர் முழுக்க ஆணிகளில் ஒயர்க் கொத்துகள் தொங்கும். கீறல் விழாமலிருக்க கியர் மேல் விரிப்பது மனைவியின் பழைய துப்பட்டா. அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. கம்பெனி ஒயரில் கத்தி வைக்க மாட்டான். அந்தந்தக் காருக்குப் பொருந்தும் சாக்கெட்டைத் தேடிப் பிடித்து அதில்தான் புது செட்டை இணைப்பான். "வெட்டி ஒட்டினா சட்டுனு முடியுமேப்பா" என்று யாராவது அவசரப்படுத்தினால், "டாக்டர்கிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா சார்?" என்று கேட்பான்.

அவளுடைய ஸ்கூட்டருக்கு ஹாரன் மாட்டிக் கொடுத்ததில் ஆரம்பித்த காதல் அவர்களுடையது. அந்த ஹாரன் ஒரு மாதத்தில் ஆறு தடவை கெட்டுப்போனதிலேயே அவளுடைய அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்பாவுக்குக் கடைசியில்தான் புரிந்தது. புரிந்ததும் வீடு இரண்டானது. பெரிய கிடங்கில் மேலாளராக இருந்தவர் அவர். பத்து லாரி உறுமும் இடத்தில் மைக் இல்லாமல் பேசிய தொண்டை. கத்திப் பார்த்தார். மகள் அசையவில்லை. கடைசியில் கல்யாணத்துக்கு வந்தார், வாழ்த்தினார், சாப்பிட்டார், போனார். ஆனால் மருமகனோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்காக வீட்டுக்கு வராமல் இல்லை. வருவார். எதிரிலேயே மருமகன் உட்கார்ந்திருக்கும்போது, "உன் வீட்டுக்காரரைச் சாப்பிடச் சொல்லும்மா" என்பார். "நான் அப்பறம் சாப்பிடறேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்பான் அவன். நடுவில் நின்று இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவளுக்குக் கழுத்து வலியே வந்தது. அவள் ஒருமுறை கடைக்குப் போய்த் திரும்பத் தாமதமானபோது, இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து டி.வி.யில் மீன் பிடிப்பதைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றை முழுசாகப் பார்த்திருந்தார்கள். மீன்கள்கூட அவர்களைவிட அதிகம் பேசியிருக்கும்.

அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த வாயிலிருந்து ஒரே ஒரு 'மாப்பிள்ளை'. வெளியே சொல்ல மாட்டான். ஆனால் மனைவிக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர் இன்று காலையில் மனைவியை ஏற்றிக்கொண்டு, தாமாகவே காரை ஓட்டி வந்து நின்றார். பழைய செட்டின் திரை மங்கிவிட்டது, சத்தத்தைக் குறைத்தால் கூடுகிறது. வேறு கடையில் ஒயரை வெட்ட வேண்டும் என்றார்களாம். கிடங்கில் ஒரு அட்டைப் பெட்டி நசுங்கினாலே பொறுக்காதவர் அவர். "உன் வீட்டுக்காரர் வெட்ட மாட்டாராமே" என்று மகளிடம் சொல்லிவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தார். அந்தச் சாவியை எடுப்பதற்கு முன் செட்டுக்காரன் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

உடைந்தது சின்ன கிளிப்தான். எல்லா காரின் கிளிப்பும் அவனிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய உண்டு. ஒன்றைப் பொறுக்கிப் போட்டான். புது செட்டை உட்கார வைத்தான். டேஷ்போர்டுப் பலகையை அழுத்தினான். 'டக், டக், டக்.' அடுப்படியில் மிக்ஸி நின்றது.

மாமனார் ஷெட்டுக்கு வந்து டிரைவர் சீட்டில் அமர்ந்து சாவியைத் திருப்பினார். திரை பளிச்சென்று விழித்தது. பாட்டு கிளம்பியது. வாசற்படியில் நின்றிருந்த மகள் புன்னகைத்தாள்.

மாமனார் புன்னகைக்கவில்லை. பாட்டை நிறுத்தினார். காதைச் சாய்த்தார். சாவியை அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"உன் வீட்டுக்காரரைக் கேளும்மா..." என்று ஆரம்பித்தார். மகளுக்குப் பின்னால் தன் மனைவியின் தலை தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். "எனக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வேணும். நல்லா கொதிக்க வச்சது. ரெண்டு பேரும் போய் எடுத்துட்டு வாங்க."

"தண்ணி கொண்டுவர ரெண்டு பேரா?" என்றாள் மனைவி.

"கொதிக்குதான்னு ஒருத்தர் பாக்கணும்ல."

அவர்கள் உள்ளே போனார்கள். ஷெட்டில் இப்போது இரண்டு பேர் மட்டும். மகளும் இல்லை, டி.வி.யும் இல்லை. மாமனார் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இங்க பாருங்க," என்றார் ஸ்டியரிங்கிடம். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். "அந்த டிங் டிங் எங்க போச்சு?"

அவர் தன்னிடம்தான் பேசுகிறார் என்பது அவனுக்கு உறைக்கவே ஒரு கணம் ஆனது. அது உறைத்த மறுகணம், கேட்ட கேள்வி உறைத்தது.

பெல்ட் போடாவிட்டால் காரில் அடிக்குமே, அந்த மணி. பெரும்பாலான கார்களில் அது தனி. சில மாடல்களில் மட்டும் அந்தச் சத்தம் கம்பெனி செட் வழியாகத்தான் வரும். செட்டைக் கழற்றினால் மணியும் ஊமையாகிவிடும். எந்தக் காரைத் தொட்டாலும் முதலில் ஹாரன், லைட், மணி எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் ஸ்க்ரூவில் கை வைக்காதவன் அவன். இன்று காலையில் வேலையைத் தொடங்கும்போது மாமனார் கையைக் கட்டிக்கொண்டு முதுகுக்குப் பின்னாலேயே நின்றதில் அது மறந்தேபோனது.

"என் தப்புதான் மாமா," என்றான். "பாக்காம கழட்டிட்டேன். பழைய செட்டையே மாட்டித் தந்துடறேன்."

"அந்தக் கண்ணு தெரியாத செட்டு எனக்கு வேண்டாம். மணி வேணும். அது இல்லாம நான் வண்டி எடுக்க முடியாது."

"பெல்ட் போட மறந்துடுவீங்களா மாமா?"

"நான் எதுக்கு மறக்கறேன்?" அவர் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். லாரிகளை அதட்டிய குரல் கிசுகிசுத்தது. "உங்க அத்தை."

"நீங்க சொன்னா போட்டுக்க மாட்டாங்களா?"

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க உங்க வீட்டுல எதையாவது போடு, எடுன்னு சொல்லிப் பாத்திருக்கீங்களா?"

செட்டுக்காரன் கியர் மேல் கிடந்த துப்பட்டாவை இழுத்து நேராக்கினான். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

"நான் சொன்னா, 'எனக்குத் தெரியாதா'ம்பா. அப்பறம் போய்ச் சேர்ற வரைக்கும் ஜன்னலோடதான் பேச்சு. அதே வண்டி சொன்னா, 'இந்தச் சனியனுக்கு வேற வேலையில்லை'ன்னு திட்டிட்டே மாட்டிக்குவா. திட்டு வண்டிக்குப் போயிடும். நான் நிம்மதியா ஓட்டுவேன்." பெருமூச்சு விட்டார். "இது என் மகளுக்குத் தெரியக் கூடாது."

"என் வாயிலேருந்து வராது மாமா." அவன் கழற்றி வைத்த பழைய செட்டைக் கையில் எடுத்தான். "இதைத் தூக்கிப் போட வேண்டாம். ரெண்டு பக்கமும் சாக்கெட் வச்சு ஒரு நீட்டு ஒயர் கட்டி, இதை சீட்டுக்கு அடியில படுக்க வச்சிடறேன். ஒரு குட்டி ஸ்பீக்கரும் குடுத்துட்டா மணி மட்டும் அதுல வரும். பாட்டு புதுசுல வரும்."

"வெட்டாம?"

"வெட்டாம."

"எந்த சீட்டு?"

"உங்க சீட்டுக்கு அடியில இடம் இருக்கு."

மாமனார் பதறிப்போனார். "வேண்டாம், வேண்டாம். எனக்கு அடியிலேருந்து வந்தா நான்தான் ஏதோ பண்றேன்னு கண்டுபிடிச்சிடுவா. அவ சீட்டுல வைங்க."

அவன் குனிந்தான். மாமனாரும் இறங்கி வந்து டார்ச் பிடித்தார். "கொஞ்சம் இடது பக்கம் மாமா," என்றான் அவன். டார்ச் இடது பக்கம் நகர்ந்தது. சுடுதண்ணியோடு வந்த மகள், இரண்டு முதுகுகள் ஒரே சீட்டுக்குள் புகுந்திருப்பதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் டம்ளரைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். முந்தானை கண்ணுக்குப் போனது. வெங்காயம் நறுக்கிய கை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் அத்தையை ஏற்றி உட்கார வைத்தார்கள். சாவி திரும்பியது. டிங், டிங், டிங்.

அத்தை குனிந்து பார்த்தாள். "இது என்ன, காலடியில போய்க் கத்துது?"

இரண்டு ஆண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பரவால்ல," என்று பெல்ட்டை இழுத்தாள் அத்தை. "முன்னாடியெல்லாம் மூஞ்சிக்கு நேரா கத்தும். இப்பத்தான் மரியாதை தெரிஞ்சிருக்கு."

புறப்படும் நேரம். செருப்பை மாட்டிக்கொண்ட மாமனார் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். மகள் வழக்கம்போல நடுவில் வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவளுடைய தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டும் கரகரங்குது," என்றார். "அடுத்த வாரம் வந்தா மாத்திடலாமா, மாப்பிள்ளை?"

அந்த வார்த்தைக்காக எத்தனையோ பதில்களை யோசித்து வைத்திருந்தவன் செட்டுக்காரன். அத்தனையும் மறந்துபோயின. கண் கலங்கியது. பழகிய வாய் பழகிய வழியிலேயே போனது.

"மாத்திடலாம்னு அப்பாகிட்ட சொல்லு," என்றான் மனைவியிடம்.

"எனக்கு இந்த வேலை வேண்டாம். நீங்களே சொல்லிக்குங்க," என்றாள் அவள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் பாதி வார்த்தைதான் வெளியே கேட்டது.

அவன் வாயைத் திறந்தான், மூடினான். மாமனார் கையை உயர்த்தி அமர்த்தினார். "அடுத்த வாரம் சொல்லட்டும்மா. அவசரமில்லை," என்றார்.

படியிறங்கிப் போனார். கார் தெரு முனை திரும்பும்வரை இருவரும் நின்று பார்த்தார்கள். பிறகு அவள் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.