பன்னிரண்டு பீங்கான் வட்டிலப்பம்

றுக்கியாவின் வீட்டுக்குச் சாப்பாட்டோடு வந்த பீங்கான் எதுவும் வெறுமையாகத் திரும்பியதில்லை. அவள் கலியாணமாகிக் கிண்ணியாவுக்கு வந்த பதினைந்து வருடமாக அந்த ஒழுங்கையின் வீடெல்லாம் பார்த்துவரும் பழக்கம் இது. பக்கத்து வீட்டு உம்மு குல்சும் கஞ்சி அனுப்பினால் பீங்கான் பொரித்த மீனோடு திரும்பும். மீனுக்குப் பதிலாகத் தொதல் இனிப்பு வரும். இந்தப் போக்குவரத்தின் நடுச்சந்தியில் இருந்தவள் மகள் ஷிஃபானா. வயது ஒன்பது. நிறை அறுபத்தெட்டு கிலோ. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும்.

மாதாமாதம் நிறை பார்க்க வரச் சொன்னார் டொக்டர். முதல்முறை போன அன்று கிளினிக் தராசு பழுது. "பக்கத்து மீன் வாடியில நிறுத்து, நிறை எழுதின துண்டு கொண்டு வாங்க" என்றார் சிற்றூழியர். வாடிக்காரர் அபூதாஹிர் பிள்ளையைத் தட்டில் ஏற்றினார். பழக்கதோஷத்தில் ஐஸுக்கென்று இரண்டு கிலோ கழித்து அறுபத்தாறு போட்டார். துண்டில் மீன் வகை என்ற இடத்தில் 'பிள்ளை' என்று எழுதினார்.

"சூரையா பாரையா காக்கா?" என்று அபூதாஹிரைக் கேட்டான் ஒருவன்.

வாடியே சிரித்தது. றுக்கியாவும் சிரித்துவிட்டாள்.

அதன்பிறகு ஷிஃபானா கிளினிக் போக மறுத்தாள். றுக்கியாவும் வற்புறுத்தவில்லை. மூன்று தவணை தவறியபின், சிறுவர் உரிமை உத்தியோகத்தர் கீர்த்தனி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பட்டினி போட்ட தாயைப் பிடிக்கிறீங்க, சரி. சோறு குடுத்தவளையும் பிடிப்பீங்களா மிஸ்?"

"நிறைக்காக ஆரும் பிள்ளையைப் பிரிக்கமாட்டினம் அக்கா. ஆனால் பிள்ளைக்கு மூச்சு முட்டுது, நீங்கள் வைத்தியத்துக்குக் கொண்டுவரேல்ல. இனியும் வராட்டி நான் கோர்ட்டுக்கு அறிக்கை எழுதத்தான் வேணும். பிள்ளை எங்க இருக்கிறதெண்டு பிறகு நீதவான்தான் சொல்லுவார்."

"திரும்பவும் மீன் தராசிலயா?"

கீர்த்தனிக்கு அந்தக் கதை தெரியாது. கேட்டதும் முகம் சுருங்கியது. "இல்லை அக்கா. தனி அறையில, நல்ல தராசில. அதுக்கு நான் பொறுப்பு."

றுக்கியா அன்றே வீடு வீடாகப் போனாள். "இனி எங்கட வீட்டுக்குப் பீங்கான் அனுப்பாதீங்க." காரணம் சொல்ல வெட்கம், அவ்வளவோடு திரும்பிவிட்டாள்.

றுக்கியாவுக்குக் கோபம் என்று ஒழுங்கை கலங்கியது. கோபம் தீர்க்க அதற்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின், முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த வட்டிலப்பம் பன்னிரண்டு பீங்கானில் வந்து சேர்ந்தது. மேசை போதாமல் தையல் மெஷினிலும் இரண்டு.

மறுநாள் பன்னிரண்டையும் ஆட்டோவில் ஏற்றிப் பிரதேச செயலகத்துக்குப் போனாள். கீர்த்தனியின் கோப்புகளை ஒதுக்கிவிட்டு அடுக்கினாள்.

"பிள்ளைய எடுக்காதீங்க மிஸ். இதுகள எடுங்க."

"நாங்கள் அன்பளிப்பு வாங்கேலாது அக்கா."

"இது அன்பளிப்பில்ல, சாட்சி."

பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் செயலகத்தில் சாட்சி முழுவதும் அழிந்திருந்தது. கீர்த்தனி வெறும் பீங்கான்களைச் சுமந்துகொண்டு ஒழுங்கைக்கு வந்து, காரணத்தை விளக்கினார்.

"இத முதல்லயே சொன்னா என்ன புள்ள!" என்று உம்மு குல்சும் திட்டினாள். றுக்கியா பன்னிரண்டிலும் வெள்ளரிக்காய் வெட்டி வைத்து அனுப்பினாள். பதிலுக்குப் பப்பாசி வந்தது.

பிறகு ஒரு தவணையும் தவறவில்லை. நான்கு மாதத்தில் ஷிஃபானாவின் நிறை இரண்டு கிலோ குறைந்தது. அபூதாஹிரின் துண்டு அப்போதுதான் உண்மையானது. இனிக் கோர்ட்டுக்கு அறிக்கை போகாது என்று கீர்த்தனி சொல்லியனுப்பினார்.

அந்தச் செய்தி வந்த அன்று குசினியில் ஷிஃபானா கேட்டாள்: "உம்மா, அண்டைக்கு வாடியில நீங்களும் சிரிச்சீங்கதானே?"

றுக்கியா கழுவிய பீங்கானையே திரும்பக் கழுவினாள். "நாளைக்குச் சொல்றன் மகள்."

ஆறு மாதமாகிறது. இன்னும் சொல்லவில்லை.