அட்டைக்குப் பின்னால பதினெட்டு

எங்க வீட்டுக்காரர் ஞானசிங்குக்கு யாருக்க மொகமும் வாடிரக்கூடாது. இரணியல்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காவ. கல்யாண வீட்டுச் சாப்பாடு வாயில வைக்க முடியாம கெடந்தாலும் "அருமை"ன்னு சொல்லிட்டு வருவாவ. இப்பிடி ஒரு மனுசனைக் கட்டிட்டு நான் படுத பாடு எனக்குத்தான் தெரியும்.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா எங்க மாடியில கதை விளையாட்டு. என் தங்கச்சி ஜெப்சி, பக்கத்து வீட்டு பிரைட்டன், அவன் கூட்டாளி ஜிபின், ஆளுக்கொரு வேசம்; பகடையில விழுகத எண்ணை வச்சுத்தான் அந்த வேசம் பிழைக்கதும் சாவதும். கதையை நடத்துறது இவிய, எங்க வீட்டுக்காரரு. ராட்சசன் முறை வந்தா, இருபது மொகம் உள்ள பகடையைப் பழைய காலண்டர் அட்டைக்குப் பின்னால உருட்டி, விழுந்த எண்ணை வாயால சொல்லுவாவ. பக்கத்துல இருந்து பாக்கதுனால எனக்குத் தெரியும், விழுகது ஒண்ணு, சொல்லுகது ஒண்ணு.

"சாவே வராத கதையில என்ன பயம் அண்ணா?"ன்னு பிரைட்டன் ஒருநாள் கேட்டான்.

"சந்தோசமா வெளையாடிட்டுப் போங்கடே"ன்னு இவிய மழுப்பினாவ.

போன ஞாயித்துக்கிழமை ஜெப்சிக்க வேசமான வைத்தியச்சியை ராட்சசன் வெட்ட வந்தான். பத்துக்கு மேல விழுந்தா அவ செத்தா. ஜெப்சி கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்தா. அட்டைக்குப் பின்னால விழுந்தது பதினெட்டு.

"நாலு. தப்பிச்சா"ன்னாவ இவிய.

ஜெப்சி பொலபொலன்னு அழுதுட்டா. "அக்கா, நான் ஆண்டவர்கிட்ட அடையாளம் கேட்டேன். இவ பிழைச்சா என் மாருல உள்ள கட்டியால ஒண்ணும் வராதுன்னு. நாளைக்கு டாக்டர் டெஸ்டுக்கு வரச் சொன்னாரு. இனி போவாண்டாம்."

கட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல. இவியளுக்கு வேர்த்து ஊத்துது. முழங்கையால நல்லா ஒரு இடி இடிச்சேன். அப்புறந்தான் அட்டையை எடுத்தாவ.

பகடையைப் பாத்துட்டு ஜெப்சி கேட்டா, "அப்போ இவ்வளவு நாளும்?"

ஜெப்சி எறங்கிப் போயிட்டா. டெஸ்டுக்குப் போவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியல்ல.

மறுநாள் காலையில வாசல்ல வந்து நின்னா. "அத்தான், பைக்கை எடுங்க. ரிசல்டும் நீங்கதான் வாங்கணும். டாக்டர் சொல்லதை எங்கிட்ட அப்படியே சொல்லணும்."

இன்னைக்கு ரிசல்ட். வாங்கப் போயிருக்காவ. ஜெப்சியும் நானும் கேட்டையே பாத்துட்டு நிக்கோம். பயமாத்தான் இருக்கு. இவிய சிரிச்சிட்டே வந்தா என்னன்னு நம்பது?