சிறுவாணித் தண்ணீர்க் கேன்

சரவணம்பட்டியில் மகள் வீட்டில் உப்புத் தண்ணீர்தான். அதனால் அங்கே போகும்போதெல்லாம் என் மனைவி ஒரு கேனில் சிறுவாணித் தண்ணீர் பிடித்து, காரில் தன் காலடியில் வைத்துக்கொள்வாள். ஒரு நாள் போய் இறங்கியபோது அவள் பக்கத்துத் தரைவிரிப்பு சொதசொதவென்று நனைந்திருந்தது. கேனை வாங்க வந்த மாப்பிள்ளையின் முன்னால், "ஒரு கேனை ஒழுங்கா மூடத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினேன். அன்றிலிருந்து அவள் கேனோடு பின்சீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகும் முன்பக்கம் நனைந்தது. அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை, காரணத்தைத் தேடினேன். மழைக்காலம் இல்லை. தண்ணீரில் நிறமோ பிசுபிசுப்போ இல்லாததால் ரேடியேட்டர் ஒழுகலும் இல்லை. ஏசி போடாத நாளில் மட்டும் விரிப்பு நனையவில்லை. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயைக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அதன் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது; போக வழியில்லாமல் தண்ணீர் காருக்குள்ளேயே வழிந்திருக்கிறது.

கம்பியால் குத்தியதும் தண்ணீர் என் முகத்தில் கொட்டியது. "கண்டுபிடிச்சுப்போட்டேன்! குளவி!" என்று படுத்தபடியே கூவினேன்.

மனைவி குனிந்து பார்த்தாள். "ஏனுங்க, குளவி எத்தன ஒழுங்கா மூடியிருக்குது பாத்தீங்களா? எனக்குத்தான் தெரியாதுங்க."

அடுத்த முறை போனபோது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "கேன் ஒழுகவே இல்லீங்க மாப்பிள்ளை. தப்பு என்னோடதுங்க."

திரும்பும்போது அவள் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காய்ந்த விரிப்பில் காலை நீட்டினாள்.

"ஏசியப் போடுங்க" என்றாள்.